நல்ல கையில இருக்காரு

எங்கள் மிஸ் ஃபோனில் தமிழ் பேச மாட்டார். நேரில் பேசுவார், திட்டுவார், ஷேர் ஆட்டோக்காரரோடு சண்டைகூடப் போடுவார். ஆனால் சென்டர் ஃபோன் மணியடித்து, அந்தப் பக்கம் யாரோ ஒரு அம்மா "ஹலோ, என் பையன் அங்க படிக்கிறானே..." என்று ஆரம்பித்துவிட்டால் போதும், ரிசீவரைச் சூடுபட்டதுபோல என் பக்கம் நீட்டிவிடுவார். அவருக்குத் திமிர் என்றுதான் முதலில் நினைத்தேன்.

சிதம்பரம் மேல வீதியில், ஒரு ஜவுளிக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டர். அவர் அங்கே டீச்சர். நான் ஆபீஸ் வேலை. நான் லால்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வருவேன். அவர் கடலூர் முதுநகரிலிருந்து ரயிலில் வருவார். கொரோனா ஓய்ந்து, ஊரே மறுபடி வெளிநாட்டுக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்த சமயம். குவைத்துக்குப் போகிற டிரைவர், சிங்கப்பூருக்குப் போகிற வெல்டர், சவூதிக்குப் போகிற நர்ஸ் என்று வயசு வித்தியாசம் இல்லாமல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள்.

மிஸ்ஸுக்கு நாற்பதைத் தாண்டியிருக்கும். ஒல்லியான உடம்பு, எப்போதும் காட்டன் புடவை. பார்த்தால் நினைவில் நிற்காத முகம். குரல் மட்டும் அப்படி ஒரு குரல். அவர் "உக்காருங்க" என்றால் நிற்கிறவர்கள் உட்கார்ந்துவிடுவார்கள். அந்தக் குரலை வைத்துக்கொண்டு இந்த மனுஷி ஏன் இப்படி எல்லாரையும் கடித்துக் குதறுகிறார் என்று நான் யோசித்திருக்கிறேன்.

யாரையும் நம்ப மாட்டார். நான் பூட்டிய கதவை மறுபடி இழுத்துப் பார்ப்பார். "நான் பூட்டிட்டேன் மிஸ்" என்றால், "பூட்டிட்டேன்னு சொன்னீங்க, சரி" என்பார். புதிதாக ஒருவர் சேர வந்தால் பேர் கேட்பதற்கு முன்னாடியே, "உங்கள வெளிநாட்டுக்கு யாரு அனுப்புறாங்க?" என்பார். ஏஜென்ட் பேரைச் சொன்னால், "அந்தாள நேர்ல பாத்திருக்கீங்களா? வீடு எங்க? பொண்டாட்டி புள்ள இருக்கா?" என்று நீளும். இங்கிலீஷ் படிக்க வந்தவர்கள் மிரண்டு போய் என் மேஜைக்கு வந்து, "என்னக்கா, போலீஸ் ஸ்டேஷன் மாதிரி இருக்கு?" என்பார்கள்.

பாடம் நடத்துவதும் அப்படித்தான். ஒரு நாள் போர்டில் 'ஹேண்ட்' என்று இங்கிலீஷில் பெரிதாக எழுதிவிட்டுத் திரும்பினார்.

"இதுக்கு என்ன அர்த்தம்?"

"கை, மிஸ்."

"அவ்ளோதானா? 'கிவ் மீ எ ஹேண்ட்'னு உங்க சூப்பர்வைசர் சொன்னா என்ன பண்ணுவீங்க?"

பரங்கிப்பேட்டை வெல்டர் ஒருவர் எழுந்து கையை நீட்டிக் காட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். "ஒத்தாசைக்கு வான்னு கூப்புடுறாரு. நீங்க கைய நீட்டிக்கிட்டு நின்னா வேலைய விட்டுத் தூக்கிடுவாரு" என்றார் மிஸ். 'ஓல்டு ஹேண்ட்' என்றால் கிழட்டுக் கை இல்லை, வேலை தெரிந்த பழைய ஆள். 'செகண்ட் ஹேண்ட்' எல்லாருக்கும் தெரிந்திருந்தது, பைக் வாங்கியிருந்தார்கள். 'அவுட் ஆஃப் ஹேண்ட்' என்று கேட்டதும் ஒரு நர்ஸ், "கைமீறிப் போச்சுன்னு சொல்லுவோமே, அது" என்றாள். மிஸ் சிரித்தது அப்போதுதான். "பாத்தீங்களா, நம்மகிட்டயும் இருக்கு."

அப்புறம் 'ஹி ஆஸ்க்டு ஃபார் ஹெர் ஹேண்ட்' என்று எழுதினார். பொண்ணு கேட்டான் என்று அர்த்தமாம். "கையத்தான கேட்டான்னு குடுத்துறாதீங்க. கூட்டிட்டுப் போறது முழு ஆளையும்" என்றார். வகுப்பு மறுபடி சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அடுத்ததாக 'வி நீட் ஹேண்ட்ஸ்' என்று எழுதினார்.

"கை வேணுமாம். யாருக்கு வேணும், எதுக்கு வேணும்?"

பதிலையும் அவரே சொன்னார்.

"வேலைக்கு ஆள் வேணும்னு அர்த்தம். ஆனா ஆளுன்னு சொல்ல மாட்டான். ஆளுன்னா வாய் இருக்கும், வயிறு இருக்கும், ஊர்ல அம்மா அப்பா இருப்பாங்க. கைன்னா வேலை மட்டும்தான். இந்த வார்த்தைய எவன் எவ்ளோ இனிப்பா சொன்னாலும் கொஞ்சம் உஷாரா கேளுங்க."

கடைசி பெஞ்சில் இருந்த ஒருவர், "மிஸ், 'இன் குட் ஹேண்ட்ஸ்'னு ஒண்ணு சொல்லுவாங்களே, பத்திரமா இருக்காங்கன்னு?" என்று கேட்டார். மிஸ் டஸ்டரை எடுத்தார். "அது பரீட்சைக்கு வராது" என்று சொல்லிக்கொண்டே போர்டை அழித்தார். எங்கள் சென்டரில் பரீட்சையே கிடையாது.

இதெல்லாம் சேர்ந்து அவர்மேல் எங்களுக்கும் சந்தேகம் வந்துவிட்டது. துபாயில் ஜெயிலில் இருந்தவர் என்று ஜவுளிக் கடையில் பேசிக்கொண்டார்கள். ஒருமுறை என் அக்கா பிள்ளைக்குக் கண் டாக்டரைப் பார்க்க கடலூர் போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஃபாரின் வேலை ஆபீஸுக்கு எதிரில் மிஸ் நிற்கிறார். உள்ளே போய்விட்டு வருகிற பையன்களைக் கூப்பிட்டு என்னவோ கேட்கிறார். ஒருவன் முறைத்துவிட்டுப் போனான். இன்னொருவன் நின்று பேசினான். வேறு ஏதோ ஏஜென்டுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிறார், அதற்குத்தான் இத்தனை விசாரணையும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. மறுநாள் சென்டர் நடத்துகிற சாரிடம் சொன்னேன். அவருக்கும் அதே நினைப்புதான் இருந்திருக்கிறது. "ஒரு கண்ணு வச்சிக்குங்கம்மா" என்றார்.

அவருடைய சந்தேகம் ஒருத்தியின் வாழ்க்கையையே தட்டிவிட்டதும் உண்டு. கிள்ளையிலிருந்து ஒரு நர்ஸ் படிக்க வந்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் வேலை, டிக்கெட் வரை தயார். மிஸ் அவளைக் கேள்வி கேட்டுக் கேட்டே பயமுறுத்திவிட்டார். அவள் அப்பா கடலுக்குப் போகிறவர். வேண்டாம் என்று நிறுத்திவிட்டார். அவளோடு தேர்வான தோழி போனாள், நன்றாகவே இருக்கிறாள், இப்போது கிள்ளையில் மாடி வீடு எழும்புகிறது. இந்தப் பெண் ஒரு நாள் மாடியேறி வந்து மிஸ் எதிரில் நின்றாள்.

"நல்லா இருங்க மிஸ். உங்களுக்கு என்ன, வாயால சொல்லிட்டீங்க."

மிஸ் ஒரு மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. "அந்தப் பொண்ணு லீவுல ஊருக்கு வரட்டும், அப்ப பாப்போம்" என்றார். அந்தப் பெண் அழுதுகொண்டே இறங்கிப் போனாள். எனக்கு மிஸ்ஸை அறைய வேண்டும்போல இருந்தது.

எங்கள் வீட்டுக்குள்ளும் அந்தச் சந்தேகம் வந்தது. என் அக்காவின் வீட்டுக்காரர், எங்கள் மச்சான், காட்டுமன்னார்கோயிலில் மொபைல் கடையில் வேலை பார்த்தார். அவரும், அதே கடையில் வேலை செய்த எங்கள் தெரு ரஃபீக்கும் தாய்லாந்துக்குப் போவதாக முடிவாகியிருந்தது. கம்ப்யூட்டரில் டைப் அடிக்கிற வேலை, ஏசி ரூம், சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் கம்பெனி. ஏற்பாடு செய்த ஏஜென்ட் திருவதிகைப் பக்கத்து ஆள். கம்பெனிக்காரர் இங்கிலீஷில் பேசுவார், எனக்கு விளங்காது, உங்க மிஸ்ஸை வைத்துக்கொண்டு பேசலாம் என்று மச்சான் சென்டருக்கே வந்துவிட்டார்.

ஃபோன் மேஜைமேல் ஸ்பீக்கரில் இருந்தது. அந்தப் பக்கம் பேசியவன் மிஸ்ஸை 'சிஸ்டர், சிஸ்டர்' என்றான். எத்தனை மணி நேர வேலை, பாஸ்போர்ட் யாரிடம் இருக்கும், வெளியே போய்வர விடுவீர்களா என்று மிஸ் இங்கிலீஷில் அடுக்கினார். பாஸ்போர்ட் கம்பெனியிடம் பத்திரமாக இருக்கும் என்றான். வெளியே போவதைப் பற்றிச் சிரித்து மழுப்பினான். கடைசியில், "டோன்ட் வொர்ரி சிஸ்டர், ஹி வில் பீ இன் குட் ஹேண்ட்ஸ்" என்றான்.

மிஸ் ஃபோனை வைத்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது.

"போகாதீங்க" என்றார் மச்சானிடம்.

"ஏங்க? அந்தாளு என்ன தப்பா சொன்னாரு?"

"தப்பா ஒண்ணுமே சொல்லல. அதான் சொல்றேன், போகாதீங்க."

"இது என்னங்க ஞாயம்? ஒங்களுக்குப் புடிக்கலன்னா ஊர்ல ஒருத்தனும் பொழைக்கக் கூடாதா?"

மச்சான் என்னையும் சேர்த்துத் திட்டிவிட்டுப் போனார். ஆனால் மிஸ் முகம் வெளுத்ததை நான் சொல்லக் கேட்டு என் அக்கா பிடிவாதமாக நின்றுவிட்டாள். "போனா நான் எங்க அத்தா வீட்டுக்குப் போயிடுவேன்" என்றாள். மச்சான் நின்றார். ரஃபீக் போய்விட்டான்.

போனவன் வாட்ஸ்அப்பில் ஃபோட்டோ போட ஆரம்பித்தான். புது டீ-ஷர்ட், சுழலும் நாற்காலி, மேஜையில் பெரிய கம்ப்யூட்டர். மச்சான் அதையெல்லாம் எனக்கு அனுப்புவார், ஒரு வார்த்தையும் எழுத மாட்டார். என் அக்கா வீட்டில் என்னோடு யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கோபத்தில் அந்த ஃபோட்டோக்களை மிஸ்ஸிடம் காட்டினேன். ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"எல்லாம் ஒரே ரூம். போய் இத்தன நாள் ஆவுது, ஒரு தெரு இல்ல, ஒரு கடை இல்ல. ஜன்னலக்கூடக் காணோம்."

"பைத்தியக்காரத்தனமா பேசாதீங்க மிஸ்" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, அன்றைக்குப் பஸ்ஸில் வீராணம் ஏரிக்கரை நெடுக அந்த ஃபோட்டோக்களையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஜன்னல் இல்லைதான்.

கொஞ்ச நாளில் ஃபோட்டோ நின்றது. பிறகு ஃபோனும் நின்றது. பிறகு யாருடைய நம்பரிலிருந்தோ ரஃபீக் கிசுகிசுப்பாகப் பேசி, "அம்மா, இது தாய்லாந்து இல்லம்மா, ஆத்தைத் தாண்டி எங்கயோ கொண்டாந்துட்டானுவோ, அடிக்கிறானுவோ" என்று சொல்லும்போதே துண்டித்துவிட்டார்கள்.

ரஃபீக்கின் அம்மா, நாங்கள் மாமி என்றுதான் கூப்பிடுவோம், புர்காவை மாட்டிக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "ஒங்க மிஸ்ஸுதான் போவாதன்னு சொன்னாங்களாமே. அவங்கள்ட்ட கூட்டிட்டுப் போம்மா" என்றார். அன்றைக்கே கூட்டிக்கொண்டு போனேன்.

மிஸ் வகுப்பை நிறுத்திவிட்டு வந்தார். ரஃபீக் சொன்னதையெல்லாம் மாமி அழுதுகொண்டே சொல்ல, அவர் கேட்டுக்கொண்டிருந்தார். மாமிக்கு ஒரு கட்டத்தில் பேச்சே வரவில்லை, மூச்சுதான் வந்தது. மிஸ் குனிந்து அவர் தோளைத் தொட்டு, ரொம்ப மெதுவாக, "பயப்படாதீங்கம்மா. நான் சொல்றத கொஞ்சம் கேளுங்க" என்றார்.

மாமியின் அழுகை நின்றது. தலையைத் தூக்கி மிஸ்ஸைப் பார்த்தார்.

"இன்னொரு தரம் சொல்லு."

மிஸ் அவர் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

"மெட்ராஸ் ஆபீஸுல ஃபோன எடுத்துப் பேசுவியே, அந்தப் பொண்ணுதான நீ? 'பயப்படாதீங்கம்மா, அவரு நல்ல கையில இருக்காரு'ன்னு சொல்லுவியே? எங்க ஊர்ல யாரும் அப்புடிப் பேச மாட்டாங்க. அதனாலேயே எனக்கு மறக்கல."

ரஃபீக்கின் அத்தா, மாமியின் வீட்டுக்காரர், பல வருஷத்துக்கு முன்னால் சவூதிக்குப் போனவர். ஸ்டோர் கீப்பர் வேலை என்று சொல்லிக் கூட்டிப்போய், பாலைவனத்தில் ஆடு மேய்க்க விட்டுவிட்டார்கள். மாமி ஏஜென்ட் ஆபீஸுக்கு ஃபோன் போட்டுக் கேட்கும்போதெல்லாம் ஒரு பெண் குரல் ஆறுதல் சொல்லும். அவர் கிட்னி போய்த் திரும்பி வந்து, லால்பேட்டையிலேயே மவுத்தாகி அடக்கமானார். இதெல்லாம் எங்கள் தெருவுக்கே தெரிந்த கதை. அந்தக் குரல் யாருடையது என்பது மட்டும்தான் தெரியாது.

மிஸ் மறுத்திருக்கலாம். குரலை வைத்து யார் என்ன நிரூபிக்க முடியும்? அவர், "ஆமாம்மா, நான்தான்" என்றார்.

என் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றபடி சொன்னார். "படிச்சு முடிச்சதும் கெடச்ச வேலை. வீட்டு ஆளுங்க ஃபோன் பண்ணா சமாதானம் சொல்லணும், அதான் என் வேலை. உள்ள என்ன நடக்குதுன்னு முதல்ல தெரியாது. அப்புறம் தெரிஞ்சிச்சு. தெரிஞ்சும் கொஞ்ச காலம் இருந்தேன். 'இன் குட் ஹேண்ட்ஸ்'ஸ தமிழ்ல அப்படி மாத்துனது நான்தான். கேக்க நல்லா இருக்குன்னு முதலாளி எல்லாரையும் அதையே சொல்லச் சொன்னாரு."

மாமி கை ஓங்குவார் என்று நினைத்தேன். அவர் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப ஒனக்கு அவனுவ பேச்சு தெரியும். பேசு. எம்புள்ளைய வாங்கிக் குடு."

அதற்குப் பிறகு சென்டரில் நடந்ததை நான் வேறு எங்கேயும் பார்த்ததில்லை. தினமும் காலையில் மாமி வந்து மிஸ் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். மிஸ் ஃபோனை எடுத்தால், "ஸ்பீக்கர்ல போடு" என்பார். இங்கிலீஷில் பேசினால், "இப்ப என்ன சொன்ன?" என்று கேட்டுவிட்டு, என் பக்கம் திரும்பி, "அதான் சொன்னாளா?" என்பார். மிஸ் பாத்ரூம் போனால் ஃபோனை மேஜையில் வைத்துவிட்டுப் போகச் சொல்வார். ஊரையே சந்தேகப்பட்ட மனுஷி, ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் அதற்கெல்லாம் கட்டுப்பட்டார். சார் வந்து பார்த்துவிட்டு, இது என்ன கூத்து என்று என்னிடம் கேட்டார்.

கடலூர் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தோம். தூதரகத்துக்கு எழுதினோம். ரஃபீக் எந்த ஊரில், எந்தக் கட்டடத்தில் இருக்கிறான் என்று தெரியாமல் யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அது தெரிந்தவன் அவனை அனுப்பிவைத்த அந்தத் திருவதிகைப் பக்கத்து ஏஜென்ட். அவனோ ரஃபீக் போன பிறகு எங்கள் யார் ஃபோனையும் எடுப்பதில்லை.

ஒரு நாள் மிஸ் வேறு ஒரு நம்பரிலிருந்து அவனைக் கூப்பிட்டார். அன்றைக்குத்தான் அவர் ஃபோனில் தமிழ் பேசி நான் கேட்டேன். "வணக்கம் சார், மெட்ராஸ் ஆபீஸ்லேருந்து பேசுறேன். எங்ககிட்ட ஹேண்ட்ஸ் ரெடியா இருக்கு சார். எல்லாம் சின்னப் பசங்க, டைப்பிங் தெரிஞ்சவங்க. நீங்க நேர்ல சிதம்பரம் வந்து ஒரு தரம் பாத்துட்டீங்கன்னா..." அந்தக் குரலில் அத்தனை மரியாதை, அத்தனை இனிமை. பொய் என்று தெரிந்தும் எனக்கே நம்பத் தோன்றியது. பக்கத்தில் மாமி இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். பொத்திக்கொண்டும் மிஸ்ஸின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போதும் இவள் யாரையோ விற்கிறாளோ என்ற பயம் அவர் கண்ணில் இருந்தது. என் கண்ணிலும் இருந்திருக்கும்.

அவன் எங்கள் சென்டருக்கே வந்தான். பெஞ்சில் எங்கள் வகுப்பு ஆட்களே உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவரையும் மாடு பார்ப்பதுபோலப் பார்த்தான். கதவைத் திறந்துகொண்டு மச்சானும் லால்பேட்டை ஆட்களும் வந்தார்கள், பின்னாலேயே நாங்கள் சொல்லிவைத்திருந்த போலீஸ் வந்தது. அன்று சாயந்திரத்துக்குள் இடம் தெரிந்துவிட்டது. தூதரகத்துக்கு அந்தத் தகவல் போய், எத்தனையோ இழுபறிக்குப் பிறகு, ரஃபீக் வேறு சில பையன்களோடு மீட்கப்பட்டு வந்து சேர்ந்தான்.

மச்சான் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நாள் வீட்டுக்குப் பிரியாணி கொடுத்தனுப்பினார், அவ்வளவுதான். சார், மிஸ்ஸை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். பழைய கதை வெளியே தெரிந்தால் சென்டருக்குக் கெட்ட பெயர் என்றார். போகும்போது மிஸ் கிள்ளை நர்ஸின் நம்பரை என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். பேசினாரா, என்ன பேசினார் என்று தெரியாது.

ரஃபீக் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. ஃபோன் மணியடித்தால் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவான். ஒரு வெள்ளிக்கிழமை நான் பார்க்கப் போயிருந்தபோது, "அக்கா, அந்த மிஸ் வீடு தெரியுமா?" என்றான். மாமி அடுப்படியிலிருந்தே, "நானும் வர்றேன்" என்றார்.

கடலூர் முதுநகரில் ஒரு சந்துக்குள் ஒற்றை ரூம் வீடு. மாமி உள்ளே வரவில்லை, வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டார். ரஃபீக் தரையைப் பார்த்துப் பேசினான்.

"அங்க எனக்கு என்ன வேலைன்னு எங்கம்மாகிட்டகூட இன்னும் சொல்லல மிஸ். தமிழ் ஆளுங்களுக்கு ஃபோன் பண்ணி நைஸா பேசணும். பேசிப் பேசி அவங்க வச்சிருக்கிற பணத்த புடுங்கணும். மாட்டேன்னா கரண்ட் வைப்பானுவோ. கோயம்புத்தூர் பக்கம் ஒரு அம்மா... தெனம் என்னைய 'சாப்டியாப்பா'ன்னு கேக்கும். அதுகிட்டேருந்து எல்லாத்தையும் எடுக்க வச்சானுவோ. நாந்தான் எடுத்தேன். அந்த அம்மா குரல் காதுல கேட்டுக்கிட்டே இருக்கு மிஸ். ஒங்களுக்கு எப்ப நின்னுச்சு?"

மிஸ் வாசற்படியைப் பார்த்தார். மாமி தெருவைப் பார்த்தபடி இருந்தார்.

"நிக்கல" என்றார் மிஸ். "எனக்குக் கேக்குற குரல்ல உங்க அம்மாவோடதும் ஒண்ணு."

தெருவில் மீன்காரர் கூவிக்கொண்டு போனார். பிறகு மிஸ் தாழ்ந்த குரலில் அவனிடம் ஏதோ கேட்டார், அவன் சொல்ல ஆரம்பித்தான். நான் எழுந்து வெளியே வந்து மாமி பக்கத்தில் உட்கார்ந்தேன். உள்ளே அவன் அழுவது கேட்டது. வந்த நாளிலிருந்து அவன் அழுது நாங்கள் கேட்டதில்லை.

சாயந்திரம் பஸ்ஸுக்கு நேரமானது. மாமி எழுந்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, அன்றைக்கு முதல் தடவையாக மிஸ்ஸின் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"இவன் அடுத்த வெள்ளிக்கெழமையும் வருவான். பேசுங்க. கதவ மட்டும் சாத்தக் கூடாது. நான் இங்கதான் உக்காந்திருப்பேன்."